ஒரு மோட்டார் சைக்கிளும் மூன்று வாக்குறுதிகளும்





வெளிநாடு செல்லும் பிள்ளைகளுக்காகப் பெற்றோரும் உறவினரும் பிணை நிற்பது நம் கடற்கரை ஊர்களில் பழகிப்போன செயல். விசாவுக்காக, பயணச் செலவுக்காக, வேலை கிடைக்கும் வரையிலான வாடகைக்காக என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கணக்கு இருக்கும். ஆனால் ஒரு மோட்டார் சைக்கிளுக்காகக் குடும்பமே பிணை நின்றது எங்கள் வாலிநோக்கத்தில் நான் அறிந்தவரை புதிது. மத்ரஸாவில் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவரின் வண்டி ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற செய்தியை, அவருடைய அனுமதியோடும் பெயர் கூறாமலும் இங்கே எழுதுகிறேன். நம் பிள்ளைகள் பலர் இத்தகைய பயணங்களைக் கனவு காணும் காலம் இது. அவர்களுக்கும், அவர்களுக்காகக் கையொப்பமிடப் போகும் பெற்றோருக்கும் இது பயன்படக்கூடும்.

அந்த மாணவர் பொறியியல் படித்து, வளைகுடாவில் 5 ஆண்டுகள் உழைத்துத் திரும்பியவர். திருமணத்திற்கு முன்னர் ஓராண்டு உலகைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். சென்னையில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வண்டி ஒன்றைத் தம் சொந்தப் பணத்தில் வாங்கினார். அதைச் சென்னையிலிருந்து கப்பலில் மொம்பாசாவுக்கு அனுப்பி, கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளைச் சுற்றிவிட்டு, வடக்கே ஐரோப்பா சென்று, ஜெர்மனியில் பணிபுரியும் அண்ணனைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புவது அவருடைய திட்டம்.

திட்டத்தைக் கேட்ட அவருடைய வாப்பா, “வண்டி உன்னுடையது, பெட்ரோல் உன்னுடையது, இதில் நான் கையெழுத்துப் போட என்ன இருக்கிறது?” என்று வினவினார். இருந்தது. அதன் பெயர் கார்னெட்.

ஒரு நாட்டில் பதிவான வண்டியை இன்னொரு நாட்டிற்குள் கொண்டு சென்றால், சுங்கச் சட்டப்படி அது இறக்குமதி. இறக்குமதி என்றால் வரி. ஆனால் பயணி அங்கே வண்டியை விற்கப் போவதில்லை. சில வாரங்களில் திரும்பக் கொண்டு போகப் போகிறார். அப்படியானால் வரி வேண்டாம், ஆனால் திரும்பக் கொண்டு போவார் என்பதற்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்விக்கு விடையாக ஐக்கிய நாடுகள் அவையின் மேற்பார்வையில் 1954இல் நியூயார்க்கில் ஓர் உடன்படிக்கை உருவானது. அதன் நடைமுறைக் கருவியே கார்னெட் என்னும் சிறு ஏடு. வண்டி பதிவான நாட்டின் வாகனச் சங்கம் அதை வழங்குகிறது. நம் நாட்டில் மும்பையிலுள்ள மேற்கிந்திய ஆட்டோமொபைல் சங்கம் அதை வழங்குகிறது.

அந்த ஏட்டின் ஒவ்வொரு தாளும் மூன்று பகுதிகளைக் கொண்டது. நாட்டினுள் நுழையும்போது ஒரு பகுதியைச் சுங்க அதிகாரி கிழித்து வைத்துக்கொள்வார். வெளியேறும்போது இன்னொரு பகுதியைக் கிழித்துக்கொள்வார். மூன்றாம் பகுதி ஏட்டிலேயே நிற்கும். அதில் நுழைவு முத்திரையும் வெளியேற்ற முத்திரையும் விழுந்திருக்க வேண்டும். ஏடு ஓராண்டுக்குச் செல்லும். வெளியேற்ற முத்திரை இல்லையெனில், வண்டி அந்த நாட்டிலேயே தங்கிவிட்டது என்பது சட்டத்தின் முடிவு. அந்நாட்டுச் சுங்கத்துறை வரியையும் அபராதத்தையும் வாகனச் சங்கத்திடம் கேட்கும். சங்கம் பிணைப்பணத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். வண்டி திருடு போனாலும் பொறுப்பு தானாக நீங்கிவிடாது.

எனவே சங்கம் முன்கூட்டியே பிணை கேட்கிறது. இந்த மாணவருக்குக் கேட்கப்பட்ட தொகை வண்டியின் விலையைவிட அதிகம்: 4 லட்சம் ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம். வாப்பா தம் சேமிப்பிலிருந்து இரண்டரை லட்சத்தை வங்கியில் ஈடாக வைத்தார். மீதி ஒன்றரை லட்சத்தைத் தாய்மாமன் வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தார். அந்தக் கடன் பத்திரத்தை எழுதியவன் நான். சாட்சிகள் இருவரில் ஒருவனும் நான்.

மாமாவுக்கு ஒரு தயக்கம் இருந்தது. உத்தரவாதத்திற்காக வங்கி வாங்கும் கட்டணம் ஆகுமானதா என்று கேட்டார். பிணை நிற்பது நம் ஃபிக்ஹு நூல்களில் ஓர் உதவிச் செயல். பிணை நின்றதற்காகவே கூலி வாங்குவதைப் பெரும்பான்மை அறிஞர்கள் அனுமதிக்கவில்லை. ஜித்தாவில் 1985இல் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமி இதை ஆய்வு செய்து, பிணைக்கென்று கட்டணம் வாங்குவது கூடாது, அதற்கான அலுவலகச் செலவை வாங்கலாம் என்று முடிவு கூறியது. முழுத் தொகையையும் வாடிக்கையாளரே ஈடாக வைத்துவிட்டால், அவருக்கும் வங்கிக்கும் இடையில் இருப்பது பிரதிநிதித்துவ உறவு. அதற்குக் கூலி உண்டு. முழு 4 லட்சமும் ஈடாக வைக்கப்பட்டதால் மாமாவின் தயக்கம் நீங்கியது.

கடன் என்றால் எழுதிக்கொள்ள வேண்டும், சாட்சி வைக்க வேண்டும் என்று கற்பிக்கும் இறைவசனம் அல்பகராவின் 282ஆம் வசனம். குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் அதுதான். அதற்கு அடுத்த வசனம், பயணத்தில் இருந்து எழுதுபவர் கிடைக்காதபோது ஈடு பெற்றுக்கொள்வதைப் பற்றியது. பயணம், கடன், ஈடு ஆகிய மூன்றும் அங்கே அடுத்தடுத்து நிற்பதை, பத்திரத்தை எழுதி முடித்த அன்று மாணவருக்கும் மாமாவுக்கும் எடுத்துச் சொன்னேன்.

வண்டி 2024இன் தொடக்கத்தில் மொம்பாசா சேர்ந்தது. தான்சானியா, மலாவி, சாம்பியா என்று நான்கு மாதங்கள் சுற்றிவிட்டு மாணவர் நைரோபி திரும்பினார். ஒவ்வொரு எல்லையிலும் முத்திரைகள் ஒழுங்காக விழுந்தன. சிக்கல் அதன் பிறகுதான் தொடங்கியது.

கென்யாவிலிருந்து ஐரோப்பாவுக்குத் தரைவழியே செல்ல நெடுங்காலமாகப் பயணிகள் பயன்படுத்திய பாதை நைல் நதியை ஒட்டியது. மொயாலே எல்லையைக் கடந்து எத்தியோப்பியா, அங்கிருந்து சூடான், வாதி ஹல்ஃபா வழியாக எகிப்தின் அஸ்வான், பிறகு கெய்ரோ. 2023 ஏப்ரல் 15 அன்று சூடானில் மூண்ட போர் அந்தப் பாதையை அடைத்துவிட்டது. போர் ஓய்ந்துவிடும் என்ற நம்பிக்கையில் புறப்பட்டவர் இவர். அது ஓயவில்லை. கார்த்தூமில் இலட்சக்கணக்கானோர் வீடிழந்து அலையும் நாட்களில் தம் பாதை அடைபட்டதைக் குறையாகச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது என்று அவர் என்னிடம் கூறியது நினைவிருக்கிறது.

மேற்குக் கரைப் பாதை இன்னொன்று. நைரோபியிலிருந்து கண்டத்தின் குறுக்கே சென்று, கேமரூன், நைஜீரியா என்று மேற்கே நகர்ந்து, செனெகல், மொரித்தானியா வழியாக, குவர்குவராத் என்னும் பாலைவன எல்லையைக் கடந்து மொராக்கோவை அடைய வேண்டும். பல மாதங்கள் பிடிக்கும். நாட்டுக்கு நாடு விசா வாங்க வேண்டும். கார்னெட்டில் மீதமிருந்த காலமும் ஐரோப்பிய விசாவின் காலமும் அதற்குப் போதவில்லை.

எஞ்சியது சரக்காக அனுப்பும் வழி. இதில் கப்பல், விமானம் என்று இரண்டு. மொம்பாசாவிலிருந்து கப்பலில் அனுப்பினால் வாடகை குறைவு. ஆனால் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால் அந்நாட்களில் பல கப்பல்கள் சூயஸ் கால்வாயைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றுகொண்டிருந்தன. காலம் கூடியது, எந்த வாரத்தில் வரும் என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. அத்துடன், பல வணிகர்களின் சரக்குகளோடு ஒரே கண்டெய்னரில் செல்லும் சிறு சரக்குக்கு, சேரும் துறைமுகத்தில் விதிக்கப்படும் இறக்குக்கூலியும் கிடங்குக் கட்டணமும் கப்பல் வாடகையையே மிஞ்சிவிடுவதுண்டு. ஏற்றும் இடத்தில் விலை கேட்பவர்கள் இறக்கும் இடத்து விலையைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

விமானத்தில் அனுப்புவது விரைவானது, செலவு மிகுந்தது. அங்கே எடையைப் போலவே அடைக்கும் இடத்தையும் கணக்கிடுவார்கள்: ஒரு கன மீட்டருக்கு 167 கிலோ. வண்டியை அப்படியே பெட்டியில் வைத்தால், 2.2 மீட்டர் நீளம், 0.8 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரம் என்று கொண்டால், ஏறக்குறைய 353 கிலோவுக்குக் கட்டணம். முன் சக்கரத்தையும் கைப்பிடியையும் கழற்றி, 1.9, 0.7, 1.1 மீட்டர் அளவுள்ள பெட்டியில் அடக்கினால் 244 கிலோ. வண்டியும் பெட்டியும் சேர்ந்து உண்மையில் 230 கிலோ அளவே வரும். திருகுகளைக் கழற்றும் அரைநாள் வேலையில் 100 கிலோவுக்கான கட்டணம் மிச்சமாகிறது. எரிபொருளை வடித்துவிட வேண்டும். பேட்டரி இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பெட்டியின் மரம் பூச்சி நீங்கும்படி வெப்பமூட்டப்பட்டு, அதற்குரிய பன்னாட்டு முத்திரை பெற்றிருக்க வேண்டும்.

இவ்வளவு சிக்கனம் செய்தும், விமானக் கட்டணம், பெட்டி, முகவர் கூலி எல்லாம் சேர்ந்து அவர் கையிலிருந்த பணத்தைப் பெருமளவு விழுங்கும் நிலை. அப்போதுதான் அங்கே ஒருவர் அவரை அணுகினார். அந்த வண்டிக்கு நைரோபியில் நல்ல விலை கிடைக்கும், ரொக்கமாகவே கொடுத்துவிடலாம், கார்னெட்டில் வெளியேற்ற முத்திரையைத் “தெரிந்தவர்” மூலம் வாங்கிக்கொள்ளலாம், மாணவர் விமானத்தில் ஜெர்மனி சென்று அண்ணனைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பலாம், ஊரிலுள்ள பிணையும் விடுபட்டுவிடும். யாருக்கும் நட்டமில்லை என்பது அவருடைய வாதம்.

அன்றிரவு இஷா தொழுகைக்குப் பிறகு மாணவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

“ஹஜ்ரத், வண்டி என் உழைப்பில் வாங்கியது. என் பொருளை நான் விற்பதற்கு மார்க்கத்தில் தடை உண்டா?”

“தடையில்லை தம்பி. அந்த முத்திரையில் என்ன எழுதியிருக்கும்?”

“வண்டி நாட்டைவிட்டு வெளியேறியது என்று இருக்கும்.”

“வெளியேறியிருக்குமா?”

சிறிது நேரம் அவர் பேசவில்லை. பிறகு, “மாமாவின் பணம் பத்திரமாகத் திரும்பிவிடும் ஹஜ்ரத். அவருக்கு ஒரு ரூபாயும் போகாது” என்றார்.

நான் அவருக்குச் சொன்னதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். இத்தகைய கேள்வி வேறு வடிவங்களில் நம் வீடுகளுக்கு அடிக்கடி வருகிறது.

வண்டி அவருடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் உடைமை இருந்தும் உரிமை கட்டுப்படும் நிலை ஒன்று உண்டு. ஈடு வைத்த பொருள் வைத்தவருக்கே சொந்தம். ஆயினும் ஈடு பெற்றவரின் சம்மதமின்றி அதை விற்க முடியாது. நம் ஷாஃபிஈ நூல்களில் மாணவர்கள் ஓதும் சட்டம் இது. இந்த வண்டி அச்சொல்லின் நேர்ப் பொருளில் ஈடு அல்ல. எனினும் மூன்று வாக்குறுதிகள் அதைச் சுற்றி நிற்கின்றன. கொண்டு வந்ததைத் திரும்பக் கொண்டு போவேன் என்று கென்ய நாட்டிற்குக் கொடுத்தது ஒன்று. உண்மையான முத்திரைகளோடு ஏட்டைத் திருப்பித் தருவேன் என்று சங்கத்திற்குக் கொடுத்தது இரண்டு. உங்கள் பணத்தை ஆபத்தில் வைக்க மாட்டேன் என்று வாப்பாவுக்கும் மாமாவுக்கும் கொடுத்தது மூன்று. பொய் முத்திரை மூன்றாவதை மட்டும் காப்பாற்றுவதுபோல் தோன்றுகிறது. ஆராய்ந்தால் அதையும் காப்பாற்றவில்லை. பின்னொரு நாள் ஒரு தணிக்கையில் அது வெளிப்பட்டால் பணம் கொடுத்த இருவரும் தாம் அறியாத பொய்க்குப் பொறுப்பாளிகள் ஆவார்கள். அந்தப் பொய்க்காக இவருக்குப் பின்னால் ஓர் அதிகாரி இலஞ்சமும் வாங்கியிருப்பார்.

அந்நிய நாட்டு அரசுக்குக் கொடுத்த வாக்கு அவ்வளவு முக்கியமா என்று சிலர் எண்ணுவதுண்டு. தம்மைக் கொல்லத் திட்டமிட்ட மக்கா நகரத்தாரின் அமானிதப் பொருட்களை உரியவர்களிடம் ஒப்படைக்க, ஹிஜ்ரத் இரவில் அலீ (ரழி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ஊரிலேயே நிறுத்திவிட்டுச் சென்றதை நாம் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்கிறோம். அது நடந்துகொள்ளும் முறைக்கான பாடமும்கூட.

ஸஹீஹுல் புகாரியில் பிணை பற்றிய பகுதியில் இடம்பெறும் நிகழ்வொன்றையும் அவருக்கு நினைவூட்டினேன். இஸ்ரவேலர்களில் ஒருவர் இன்னொருவரிடம் 1000 தீனார் கடன் கேட்டார். சாட்சியும் பிணையும் கேட்கப்பட்டபோது, இறைவனே போதும் என்றார், கொடுத்தவரும் ஏற்றுக்கொண்டார். கடல் கடந்து சென்றவருக்குத் தவணை நாளில் திரும்பக் கப்பல் கிடைக்கவில்லை. ஒரு மரக்கட்டையைக் குடைந்து, பணத்தையும் கடிதத்தையும் உள்ளே வைத்து அடைத்து, இறைவனிடம் ஒப்படைத்துக் கடலில் விட்டார். மறுகரையில் காத்திருந்தவர் அதை விறகாக எடுத்துச் சென்று பிளந்தபோது பணத்தைக் கண்டார். இதுவரை பலருக்கும் தெரியும். அதன் பிற்பகுதியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. கடன் வாங்கியவர் கட்டையை அனுப்பிய பிறகும் கப்பல் தேடுவதை நிறுத்தவில்லை. கப்பல் கிடைத்ததும் இன்னொரு 1000 தீனாருடன் நேரில் வந்து நின்றார். கடனை அடைக்கும் பொறுப்பு தம்மைவிட்டு நீங்கியதாக அவர் எண்ணவில்லை.

நேர்மையான வழிகள் மாணவருக்கு இரண்டு இருந்தன. சங்கத்தின் சம்மதத்தைப் பெற்று, கென்யாவில் முறைப்படி இறக்குமதி வரி செலுத்தி, அதன் பிறகு விற்பது ஒன்று. செலவை ஏற்று வண்டியை அனுப்புவது இன்னொன்று. முதல் வழியில் வரி போக மிஞ்சுவது சொற்பம் என்று விசாரித்து அறிந்தார். முடிவை அவரே எடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாட்கள் கழித்து, பெட்டி செய்யும் தச்சரிடம் அளவு கொடுத்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. தம் கேமராவையும் கூடாரத்தையும் அங்கேயே விற்றிருந்தார்.

நைரோபி விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொல்லி, சேசிஸ் எண்ணையும் இயந்திர எண்ணையும் ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, வெளியேற்ற முத்திரையைப் பதித்தார். அந்தத் தாளின் படத்தை மாணவர் முதலில் மாமாவுக்கே அனுப்பினார். நைரோபியிலிருந்து நாள்தோறும் ரோஜா மலர்களை ஏற்றிக்கொண்டு சரக்கு விமானங்கள் ஐரோப்பா செல்கின்றன. அத்தகைய விமானம் ஒன்றில் இவருடைய வண்டியும் ஃபிராங்பர்ட் சென்று இறங்கியது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் கார்னெட் கட்டாயமில்லை. வெளிநாட்டில் வசிப்பவர் தம் சொந்தப் பயணத்திற்காகக் கொண்டு வரும் வண்டியை 6 மாதங்கள் வரை வரியின்றி வைத்திருக்கலாம். அதற்குள் வெளியே கொண்டு போய்விட வேண்டும். காப்புறுதி மட்டும் நுழையும்போதே கட்டாயம். நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வழங்கும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி ஓராண்டுக்குச் செல்லும். அதுவும் அவரிடம் இருந்தது.

அண்ணனோடு சில நாட்கள் தங்கியபின், அவர் வண்டியில் ஸ்பெயின் பெருநிலத்தின் தென்முனையான தரீஃபா வரை சென்றார். அங்கே ஜலசந்தியின் மிகக் குறுகிய அகலம் 14 கிலோமீட்டர். எதிரே மொராக்கோவின் மலைகள் தெரிகின்றன. தரீஃபாவிலிருந்து தாஞ்சியருக்குக் கப்பல் ஒரு மணி நேரத்தில் சென்றுவிடுகிறது. வண்டியை ஓட்டியே கப்பலுக்குள் ஏற்றலாம். பணியாளர்கள் பட்டைகளால் அதை அசையாமல் கட்டுவார்கள். தாம் ஓட்டிக்கொண்டே கடக்க நினைத்த கடலை அவர் மறுகரையில் நின்று பார்த்தார். அந்தத் தாஞ்சியரில் 1304இல் பிறந்து, 1325இல் ஹஜ்ஜுக்கென்று புறப்பட்ட இப்னு பதூதா, இலங்கையிலிருந்து வரும் வழியில் கப்பல் சேதமுற்று மஅபர் என்று அரபிகள் அழைத்த நம் தமிழகக் கரையில் இறங்கியவர் என்பதை நான் செய்தியாக அனுப்பினேன். “அவருக்குக் கார்னெட் தேவைப்படவில்லை ஹஜ்ரத்” என்று பதில் வந்தது.

அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு நம் கடலும் நினைவுக்கு வந்தது. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய பயணிகள் கப்பல் இருக்கிறது. ஆனால் வாலிநோக்கத்துக்காரர் ஒருவர் தம் வண்டியில் மன்னார் செல்ல விரும்பினால், அவரும் கார்னெட் வாங்கி, மரப்பெட்டி செய்து, சரக்குக் கப்பலைத்தான் தேட வேண்டும். கடல் குறுகியது என்பதால் வழி எளிதாகிவிடுவதில்லை.

வண்டி பின்னர் ஹாம்பர்க்கிலிருந்து கப்பலில் சென்னை வந்தது. சுங்கத்துறையின் முத்திரையோடு ஏடு மும்பைக்குத் திரும்பியது. சில வாரங்களில் வங்கி உத்தரவாதம் விடுவிக்கப்பட்டது. மாமாவின் ஒன்றரை லட்சத்தை மாணவர் தம் கையாலேயே திருப்பிக் கொடுத்தார். நான் எழுதிய பத்திரத்தின் அடியில், கடன் தீர்ந்தது என்று எழுதிக் கையொப்பமிட்டோம். மாணவரின் திருமணம் செலவு காரணமாக ஓராண்டு தள்ளிப்போயிற்று. அதில் உம்மாவுக்கு வருத்தம் உண்டு. அதை நான் மறைக்க விரும்பவில்லை. நேர்மையான வழிக்கு அவர் கொடுத்த விலை அது.

பிள்ளைகளுக்காகப் பிணை நிற்கும் பெற்றோருக்குச் சில சொற்கள். எதற்குப் பிணை நிற்கிறோம், எந்த நாள் வரை, என்ன நடந்தால் பணம் போகும் என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதச் சொல்லிப் படித்துப் பார்த்த பிறகே கையொப்பமிடுங்கள். உறவினர் கொடுக்கும் பணமாக இருந்தாலும் எழுதுங்கள், சாட்சி வையுங்கள். திரும்பும் வழி அடைபட்டால் ஆகும் செலவைப் புறப்படும் முன்னரே தனியாக ஒதுக்கச் சொல்லுங்கள். இந்த மாணவர் விமானக் கட்டணத்தை முன்பே ஒதுக்கியிருந்தால், நைரோபியில் அந்த மனிதரின் பேச்சு அவரை இரண்டு நாட்கள் அலைக்கழித்திருக்காது.

பயணம் செல்லும் இளைஞர்களுக்கு ஒன்று. எல்லையில் உங்கள் ஏட்டில் விழும் ஒவ்வொரு முத்திரையையும் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள்; தேதி சரியா, எண் சரியா, இரண்டு முத்திரைகளும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். ஊரில் உங்களுக்காகக் கையொப்பமிட்டவர்கள் அதைப் பார்க்க இயலாது. அவர்களுக்கும் சேர்த்து நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

பயணம் செல்வோரையும் அவர்களுக்காகக் காத்திருப்போரையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக. கொடுத்த வாக்கை நிறைவேற்றும் ஆற்றலை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.